அப்பிச்சி டிரங்குப் பொட்டில கெடச்ச ஸ்டாம்ப்புக, தபால்தலை மாதிரி தெரியல, என்னன்னு சொல்லுங்க

உடுமலைக்காரன்:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நான் ஆறாவது படிக்கறப்ப இருந்து ஸ்டாம்ப் சேத்தறேன், நடுவுல வேல, கண்ணாலம், கொழந்தைன்னு விட்டுப்போயி இப்பத்தான் ரெண்டு வருஷமா மறுக்கா ஆல்பத்த எடுத்திருக்கறேன். இத்தன நாளும் தபால்தலை மட்டுந்தானுங்க. ரெவின்யூ ஸ்டாம்ப்னா வாடகை ரசீதுல ஒட்டற ஒத்த ரூவா ஸ்டாம்ப், அதுக்கு மேல எனக்கு ஒண்ணுந் தெரியாது.

போன மாசம் அம்மா ஊட்ல ஓடு மாத்தறதுக்கு அட்டாலிய காலி பண்றப்ப அப்பிச்சியோட (அம்மாவோட அப்பா) டிரங்குப் பொட்டி ஒண்ணு எறங்குச்சு. பூட்டு துருப்பிடிச்சுக் கெடந்துது, ஒடச்சுப் பாத்தா உள்ள பூராவும் காயிதம். புரோநோட்டு, ரசீது, கோர்ட்டு கட்டு, நெலத்துப் பத்திரம், ஒரு மில்லு அட்டை. பத்திரத்த அம்மா வாங்கி பீரோல வெச்சுக்கிட்டாங்க, மிச்சத்த நீ என்னமோ பண்ணுன்னு எங்கிட்ட குடுத்துட்டாங்க. அப்பிச்சியோட அப்பாரு உடுமலைக்கும் மறையூருக்குமா மாட்டு யாவாரம், சர்க்கரை யாவாரம் பண்ணுனவருன்னு சொல்லுவாங்க. அப்பிச்சி கொஞ்ச நாளு கோயமுத்தூர்ல மில்லுல இருந்தவரு.

இதுல எனக்கு புரியாதது நாலுங்க, போட்டோ கீழ போட்டிருக்கறேன். மொதல்ல பெரிய சைஸ்ல ஒண்ணு, கோர்ட் ஃபீன்னு இங்கிலீஷ்ல இருக்குது, ஆனா ராஜா மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல கரெக்டா உருண்டையா ஒரு ஓட்டை. இதே மாதிரி பதினோரு ஸ்டாம்ப், பதினொண்ணுலயும் ஓட்டை. கரையான் அரிச்சிருந்தா இத்தன ஒழுங்காவா அரிக்கும்? ரெண்டாவது சின்னது, நடுவுல சங்கு, சக்கரம்னு எழுதீருக்குது, எத்தன சக்கரம்ங்கறது பேனாக் கையெழுத்துக்கு அடில மறஞ்சு போச்சு. கையெழுத்துக்குக் கீழ 1108ன்னு ஒரு நம்பர். அது வருஷமா இருந்தா குலோத்துங்க சோழன் காலம் ஆயிப்போவுதுங்க, அதனால வேற என்னமோ. மூணாவது ஒரு அணா செவப்பு, தாடி வெச்ச ராஜா, போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூன்னு ரெண்டும் சேத்திப் போட்டிருக்குது, இத ஆல்பத்துல எந்தப் பக்கம் வெக்கறது? நாலாவது அந்த மில்லு அட்டை, கட்டம் கட்டமா இருக்குது, கட்டத்துக்கு ஒண்ணா ஸ்டாம்ப் ஒட்டி மேல சீல் குத்தீருக்கறாங்க. அத நான் தொடவே இல்ல.

தொடலைன்னு ஏன் சொல்றேன்னா, மத்ததுல ஒரு மசையன் வேல பண்ணிப்போட்டேன். கவர்ல இருந்து தபால்தலைய எடுக்கற மாதிரியே ஒரு பத்துப் பன்னண்ட காயிதத்தோட கத்திரிச்சு வெதுவெதுன்னு தண்ணில போட்டுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா பச்சையா ராணி தலை போட்ட ஒரு ஸ்டாம்ப் வெளுத்து மோரு மாதிரி கெடக்குது, தண்ணி பச்சை. ரெண்டு நாளா வெசனமா இருக்குதுங்க.

டிஜிட்டல்தம்பி:

அண்ணா கூகுள் லென்ஸ் போட்டுப் பாருங்க, நான் உங்க போட்டோவயே போட்டேன், சங்கு ஸ்டாம்ப் திருவாங்கூர் தபால்தலைன்னு காட்டுது, ரேர்னு நெனக்கறேன், நல்ல ரேட்டுக்கு போகும், ஏலத்துல விடுங்க. ஓட்டை விழுந்ததெல்லாம் டேமேஜ் பீஸ், ஆல்பத்துல வெச்சா ஆல்பத்துக்கே அசிங்கம், தூக்கிப் போட்ருங்க.

காயிதப்பித்தன்:

தம்பி, சித்தெ பொறு. எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

உடுமலைக்காரரே, மொதல்ல அந்தத் தண்ணி கதை. தப்பு உங்க மேல இல்லீங்க, அந்த மை அப்படி. ரெவின்யூ ஸ்டாம்ப்ல காசு ஏமாத்தறவன் என்ன பண்ணுவான், ஒட்டுன ஸ்டாம்ப்ப பிரிச்சு, மேல இருக்கற பேனா மைய கழுவிட்டு மறுக்கா ஒட்டுவான். அத தடுக்கறதுக்குன்னே கழுவுனா ஸ்டாம்ப்போட சாயமும் சேந்து போற மாதிரி மை போட்டாங்க. நம்ம பழைய ஸ்டாம்ப்புகள அடிச்ச லண்டன் டி லா ரூ கம்பெனி இதுல கெட்டிக்காரங்க, அவங்க கரையற மைன்னா பெரும்பாலும் பச்சையும் ஊதாவுந்தான். அதனால பழைய பச்சை, ஊதா ஸ்டாம்ப் எதையும் தண்ணிப் பக்கமே கொண்டு போகாதீங்க, தபால்தலையா இருந்தாக்கூட.

ஆனா சாயம் போனத விட எனக்கு எச்சா வலிக்கறது நீங்க காயிதத்துல இருந்து கத்திரிச்சது. தபால்தலைக்கு கவர் போச்சுன்னா பாதி மதிப்பு போச்சுன்னு சொல்லுவாங்க. ரெவின்யூவுக்கு காயிதம் போச்சுன்னா அது என்னங்கறதே போச்சு. யாரு யாருக்கு குடுத்தாங்க, எந்த ஊரு, எத்தன ரூவாய்க்கு, எந்தத் தேதி, எல்லாமே அந்தக் காயிதத்துல இருக்குது. ஸ்டாம்ப்ல பாதி, காயிதத்துல பாதின்னு கையெழுத்து ஓடும். 1899 ஸ்டாம்ப் சட்டத்துல 12வது பிரிவே அதத்தான சொல்லுது, ஒட்டுன ஸ்டாம்ப்ப மறுக்கா பயன்படுத்த முடியாத மாதிரி பேரையோ கையெழுத்தையோ குறுக்க எழுதி கேன்சல் பண்ணோணும்னு. நம்ம ஊர்ல கையெழுத்து தெரியாதவங்க ரேகை வெப்பாங்க, பெருவிரல் பாதி ஸ்டாம்ப் மேல, பாதி நோட்டு மேல. கத்திரிச்ச காயிதம் ஊட்ல எங்கியாச்சும் இருந்தா இன்னைக்கே தேடி எடுங்க.

மூணாவது கேள்விக்கு வர்றேன், ஒரு அணா செவப்பு. மொதல்ல ராஜா தலையப் பாருங்க. தாடி ரெண்டு பேருக்கும் உண்டு, ஏழாம் எட்வர்டுக்கும் அஞ்சாம் ஜார்ஜுக்கும். நம்ம இந்திய ஸ்டாம்ப்ல எட்வர்ட் தலைல கிரீடம் இருக்காது, வழுக்கை தெரியும், கிரீடம் தனியா மேல இருக்கும். ஜார்ஜ் கிரீடத்தப் போட்டுக்கிட்டே இருப்பாரு. உங்க போட்டோல வழுக்கை, அப்ப எட்வர்ட். அவரு ஸ்டாம்ப்ல மொதல்ல இந்தியா போஸ்டேஜ்னு மட்டுந்தான் இருந்துது, 1906ல அரையணாவும் ஒரு அணாவும் போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூன்னு மாத்தி வந்துது. கடுதாசிலயும் ஒட்டலாம், ரசீதுலயும் ஒட்டலாம். அதனால ஸ்டாம்ப்ல எழுதீருக்கறத வெச்சு முடிவு பண்ணாதீங்க, மேல என்ன விழுந்திருக்குதுன்னு பாருங்க. வட்டமா தபால் சீல் இருந்தா கடுதாசி, பேனா இருந்தா ரசீதோ நோட்டோ. உங்களுது பேனா. இங்கிலாந்துலயும் 1881ல வந்த ஊதா ஒத்தப் பென்னி இதே மாதிரி ரெண்டுக்கும் சேத்துதான், சிலோன், மலேயா ஸ்டாம்ப்ல எல்லாம் போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூன்னு நெறைய பாப்பீங்க. பல பேரு அத ரெவின்யூன்னு நெனச்சு ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கறாங்க, அது சாதாரண தபால்தலைதான்.

அப்பறம் புரோநோட்டுல இதே ஒரு அணா ஸ்டாம்ப் நாலு வரிசையா ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க. ஆயிரத்துக்கு மேல போன டிமாண்ட் நோட்டுக்கு, அதாவது கேட்டதும் பணத்த திருப்பிக் குடுக்கோணும்ங்கற புரோநோட்டுக்கு, ஒரு காலத்துல நாலணா ஸ்டாம்ப் வேணும், நாலணா ஒத்தையா கெடைக்காதப்ப நாலு ஒட்டிருவாங்க. ஆயிரம்னா அன்னைக்கு பெரிய தொகை இல்லீங்களா, அப்படி நோட்டு இருந்தா அப்பிச்சியோட அப்பாரு சின்ன ஆளில்ல போல!

இன்னொண்ணு, தபால்தலை சேத்தறவங்க பாக்கற கிப்பன்ஸ் கேட்டலாக்ல தேடி கெடைக்கலைன்னு ரேர்னு முடிவு பண்ணீராதீங்க. அதுல பொதுவா ரெவின்யூ போடறதில்ல. காமன்வெல்த் ரெவின்யூக்கு பேர்ஃபூட் கேட்டலாக், சமஸ்தானம்னா கோப்பல், மேனர்ஸ் ரெண்டு பேரு சேந்து போட்டது. அந்த பச்சை ராணில என்ன எழுதீருந்துதுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?

உடுமலைக்காரன்:

அண்ணா ரொம்ப நன்றிங்க. பச்சைல மேல ஃபாரின்னு இருந்த மாதிரி ஞாபகம், கீழ பில். நான் வெளிநாட்டு ஸ்டாம்ப்னு நெனச்சுட்டேன்.

காயிதப்பித்தன்:

ஃபாரின் பில்! ஐயோ சாமி. வெளிநாட்டு ஸ்டாம்ப் இல்லீங்க, வெளிநாட்டுல இருந்து வர்ற உண்டிக்கு, அதாவது இன்னாருக்கு இத்தன பணம் குடுன்னு எழுதற யாவாரச் சீட்டுக்கு, நம்ம நாட்டுல ஒட்டற ஸ்டாம்ப். மாட்டு யாவாரி பொட்டில அது எப்படி வந்துதுன்னு அந்தக் காயிதம் இருந்தா சொல்லீருக்கும். இந்த ஃபாரின் பில்லுக்கு தபால்லயும் ஒரு கதை உண்டு, 1866ல ஆறணா தபால்தலை தட்டுப்பாடு வந்தப்ப ஆறணா ஃபாரின் பில் ஸ்டாம்ப்ப எடுத்து மேலயும் கீழயும் எழுத்த வெட்டி எறிஞ்சுட்டு போஸ்டேஜ்னு பச்சைல அடிச்சு வித்தாங்க. உங்களுது அது இல்ல, உங்களுதுல எழுத்து முழுசா இருந்துதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. வெளுத்தது வெளுத்ததுதான், அதையும் அப்படியே வெச்சிருங்க, வர்றவங்களுக்கு காட்டறதுக்கு ஆவும்.

கோபி குமாஸ்தா:

நான் வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா முப்பது வருஷம் ஓட்டுனவன், ஸ்டாம்ப் சேத்தறவன் இல்ல, மருமகன் இந்தப் பக்கத்த காட்டுனான், ஓட்டைன்னு பாத்ததும் சிரிச்சுட்டேன்.

கோர்ட்டு ஸ்டாம்ப்ல அந்த ஓட்டை டேமேஜ் இல்லீங்க, அதுதான் அதோட முத்திரை. 1870 கோர்ட் ஃபீஸ் சட்டம் 30வது பிரிவுல எழுதியே இருக்குது, மனு வந்ததும் அந்த அதிகாரி ஸ்டாம்ப்ல இருக்கற தலைய பஞ்ச் பண்ணி எடுத்திரோணும், தொகை எழுதீருக்கற எடத்துல படக்கூடாது, பஞ்ச் பண்ணி விழுந்த துண்ட எரிச்சோ வேற விதமாவோ அழிச்சிரோணும். அதான் ராஜா மூஞ்சி கரெக்டா போயி ரூவா அணா மட்டும் நிக்குது. எங்க காலத்துல சிங்கத் தலைதான், அதுவும் போவும். ஓட்டை இல்லாத கோர்ட்டு ஸ்டாம்ப் கைல கெடச்சா ஒண்ணு அது மனுல ஒட்டவே இல்ல, இல்லைன்னா எவனோ கவனிக்காம உட்டுட்டான். எங்க பக்கம் பழைய கட்டுல இருந்து எடுத்து ரெண்டாந்தரம் ஒட்டி மாட்டுனவங்க உண்டு, தண்டனைச் சட்டத்துல 262, 263ன்னு அதுக்குன்னே பிரிவு இருந்துது.

அதே கட்டுல சின்னதா வேற ஏதாச்சும் ஸ்டாம்ப் இருக்குதான்னு பாருங்க. வக்காலத்துல வக்கீல் சேமநல நிதி ஸ்டாம்ப் ஒட்டுவோம், ஆனா அது 1987 சட்டத்துக்கு அப்பறம் வந்தது, உங்க அப்பிச்சி கட்டு அதுக்கு முந்தினதா இருக்கும். மெட்ராஸ்னு அடிச்சிருந்தா 1969 பொங்கலுக்கு முன்னாடி, தமிழ்நாடுன்னா அப்பறம். நயா பைசான்னு இருந்தா 1957 ஏப்ரல்ல இருந்து 1964 வரைக்கும், வெறும் பைசான்னா அதுக்கும் அப்பறம். எங்களுக்கு இதெல்லாம் கணக்கு இல்ல, கட்டப் பிரிச்சதும் வாசத்துலயே தெரிஞ்சிரும் எந்தக் காலம்னு.

டிஜிட்டல்தம்பி:

சாரிங்கண்ணா, ஓட்டை மேட்டர் தெரியாம சொல்லிட்டேன். என்கிட்டயும் ஓட்டை விழுந்தது ஒரு கவர் நெறைய இருக்குது, குப்பைல போடலாம்னு இருந்தேன். அப்ப அதுக்கு நல்ல ரேட்டா?

காயிதப்பித்தன்:

ரேட்டே உங்களுக்கு குறி தம்பி. பஞ்ச் போட்ட கோர்ட் ஃபீ கட்டு கட்டா கெடைக்கும், சும்மா ஸ்டாம்பா வித்தா டீ காசுதான். எந்தத் தாலுக்கா, என்ன வழக்குன்னு மனுவோட இருந்தா அப்ப ஆளு வருவாங்க.

எல்லைக்காரி:

எனக்கு பொறந்த ஊரு பாலக்காட்டுக்குப் பக்கத்து சித்தூர் பக்கம், வாக்கப்பட்டது பொள்ளாச்சி. 1108ன்னு பாத்ததும் பதில் போடாம இருக்க முடியல.

அது கொல்லம் வருஷமுங்க, மலையாளத்து ஆண்டுக் கணக்கு. எங்க ஊர்ல அப்பா இன்னும் பஞ்சாங்கத்துல அதத்தான் பாப்பாங்க. 824 இல்லைன்னா 825 கூட்டிக்கோங்க. சிங்க மாசம் வருஷம் பொறக்கும், நம்ம ஆவணி. 1108ன்னா 1932 ஆகஸ்ட்ல இருந்து 1933 ஆகஸ்ட் வரைக்கும். குலோத்துங்கன் இல்ல, உங்க அப்பிச்சியோட அப்பாரு காலந்தான்.

சங்கு திருவாங்கூர் சமஸ்தானம். மறையூர், தேவிகுளம் எல்லாம் அப்ப திருவாங்கூர்ல இருந்துது, அதனால உடுமலைல இருந்து மலையேறி யாவாரம் பண்ணுனா ரசீதுல அந்த ஊரு ஸ்டாம்ப்தான் விழும், சக்கரக் கணக்குல. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவாங்கூர் ரூவா. லென்ஸ் தபால்தலைன்னு காட்டுனது சங்கப் பாத்துட்டு. திருவாங்கூர் தபால்தலைல அஞ்சல்னு இங்கிலீஷ்ல இருக்கும், அவங்க தபாலுக்கு பேரே அதுதான், நம்ம இப்ப அஞ்சல்துறைன்னு எழுதறோமே அதே வார்த்தைதான். உங்க ஸ்டாம்ப் போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன், அந்த வார்த்தை இல்ல, கூடவே பேனாக் கையெழுத்து. ரெவின்யூதான்.

பொள்ளாச்சிக்காரங்க இருந்தா ஒண்ணு சொல்றேன், பாலக்காட்டுப் பக்கத்து காயிதம்னா எல்லாமே கொச்சின்னு நெனக்காதீங்க. பாலக்காடு மலபார், அது மெட்ராஸ் மாகாணம், அங்க நம்ம ஊரு ஸ்டாம்ப்பேதான். ஆனா ஒட்டி இருக்கற சித்தூர் கொச்சி ராஜாவோடது. கொஞ்ச தூரம் தள்ளுனா ஸ்டாம்ப் மாறிரும். கொச்சி ஸ்டாம்ப்ல பல்லக்கு, கொடை, சங்கு எல்லாம் சேந்த முத்திரை பாக்கலாம், இல்லைன்னா ராஜா தலை. ரெண்டு சமஸ்தானமும் 1949ல ஒண்ணா சேந்த பொறகு யு.எஸ்.டி.சின்னு மேல அடிச்சதும் உண்டு. அதே மாதிரி கொள்ளேகாலம் பட்டு யாவாரக் காயிதம் வெச்சிருக்கறவங்க, 1956 நவம்பர் வரைக்கும் கொள்ளேகாலம் கோயமுத்தூர் ஜில்லா, மைசூர் ஸ்டாம்ப்ப அதுல தேடாதீங்க. மைசூரோட ரெட்டத்தலைப் பட்சி போட்டிருந்தா அந்தாளு சாம்ராஜ்நகர் பக்கம் போயிட்டு வந்திருக்கறாருன்னு அர்த்தம்.

சிங்காநல்லூர் பேரன்:

அந்த அட்டைய யாரும் பேசவே இல்லையே. எனக்கு இந்த நாலுல அதுதான் பெருசுங்க.

அது ஈ.எஸ்.ஐ. அட்டை, தொழிலாளர் காப்பீட்டுக்கு பணம் கட்டுன அட்டை. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல கட்டறாங்க, மொதல்ல அப்படி இல்ல, தொழிலாளி பங்கும் முதலாளி பங்கும் சேத்து ஸ்டாம்ப்பா வாங்கி ஆளுக்கு ஒரு அட்டைல ஒட்டோணும், வாரக் கணக்கு, கட்டம் ஒண்ணுக்கு ஒரு வாரம். 1948 சட்டம், 1952ல கான்பூர்லயும் டெல்லிலயும் ஆரம்பிச்சு, நம்ம மாநிலத்துல மொதல்ல வந்தது 1955ல கோயமுத்தூருக்குத்தான், மில்லு ஊருங்கறதால. எங்க தாத்தா ஸ்பின்னிங்ல இருந்தாரு, பொடனில பஞ்சு ஒட்டிக்கிட்டேதான் ஊட்டுக்கு வருவாரு, ஆனா அட்டை மட்டும் அவரு கைக்கு வந்ததே இல்ல, மில்லு ஆபீஸ்ல இருக்கும். காலக்கெடு முடிஞ்சதும் மில்லுக்காரங்க அத ஈ.எஸ்.ஐ. ஆபீஸ்ல ஒப்படைச்சிருவாங்க. அதனால ஊட்டுப் பொட்டில ஒரு அட்டை நிக்கறதே அபூர்வம். பாதில வேலைய விட்டவங்க கைல குடுத்திருந்தா உண்டு. உங்க அட்டைல எத்தன கட்டம் ரொம்பீருக்குதுன்னு எண்ணிப் பாருங்க. மில்லு பேரு இங்க போட வேண்டாம், வேலை பாத்தவரு நம்பர் இருந்தா அதையும் மறச்சிருங்க.

பிரிக்காதீங்க. லேமினேஷன் பண்ணீராதீங்க, எங்க மாமா ஒருத்தரு பண்ணி உப்பிப்போச்சு. செல்லோடேப்பும் வேண்டாம். நல்ல பிளாஸ்டிக் உறைல அப்படியே வெச்சா போதும்.

உடுமலைக்காரன்:

எல்லாத்துக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலீங்க. லேட்டா வர்றேன், ஊருக்குப் போயிட்டு வந்தேன்.

கத்திரிச்ச காயிதத்துல முக்காவாசி கெடச்சுருச்சுங்க. அம்மா அத பொடக்காளில அடுப்பு பத்தவெக்க வெச்சிருந்தாங்க, நாலஞ்சு போயிருச்சு, மிச்சத்த புடிச்சுட்டேன். சங்கு ஸ்டாம்ப்போட காயிதம் இருக்குது, ஓரத்த ஸ்டாம்ப்போட வெச்சுப் பாத்தேன், கையெழுத்து நேரா சேந்துக்குது. மலையாளத்துல எழுதீருக்குது, எங்க தெரு பேக்கரில இருக்கற சேட்டன படிக்கச் சொன்னேன், பன்னண்டு சோடி மாட்டுக்கு பணம் பெத்துக்கிட்ட ரசீதாம், தேதி 1108 மகர மாசம். எல்லைக்காரி அக்கா கணக்குப்படி 1933 ஜனவரி, பிப்ரவரி வருது. ஃபாரின் பில் காயிதம் மட்டும் அடுப்புக்குப் போயிருச்சு போல, எத்தன தேடியும் இல்ல.

கோர்ட்டு கட்ட குமாஸ்தா ஐயா சொன்ன மாதிரி பாத்தேன், பதினொண்ணும் ஒரே வழக்கு, வாய்க்கா தண்ணி தகராறு. நாலு வருஷம் இழுத்திருக்குது, கடைசில யாரு ஜெயிச்சாங்கன்னு அந்தக் கட்டுல இல்ல.

அட்டைய எண்ணிப் பாத்தேனுங்க. பதினாலு கட்டம் ரொம்பீருக்குது, அதுக்கப்பறம் காலி. அம்மாகிட்ட காட்டுனேன். அவங்க அப்ப கைக்கொழந்தையாம், மில்லுல மூணாவது ஷிப்ட்டுல அப்பிச்சிக்கு கை பட்டு ரெண்டு வெரலு போச்சுன்னும், அப்பறம் அவரு கோயமுத்தூருக்குப் போகவே இல்லைன்னும் அம்மிச்சி சொல்லீருக்கறாங்களாம். வெரலு இல்லாதது எனக்குத் தெரியும், சின்னதுல கேட்டா கரும்பு ஆலைல போச்சுன்னு சொல்லுவாரு.

இந்த அட்டைய வெக்கற அளவுக்கு உறை கோயமுத்தூர்ல எங்க கெடைக்குமுங்க? அளவு எடுத்து நாளைக்குப் போடறேன்.